கை தட்டாத ஊர்

ரொம்பக் காலத்துக்கு முந்தி. ரொம்ப என்றால், நாரைக்கு மூக்கு குட்டையாக இருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழுஞ்சியேந்தல், கொழுஞ்சியேந்தல் என்று ஓர் ஊர். அந்த ஊருக்கு உடையணன் அம்பலம்தான் பெரியவர். அவர் சொன்னால் கண்மாய்த் தண்ணீர்கூட மடை திரும்புமாம். அவருக்கு ஒரே மகன். மலையரசு என்று பேர் வைத்தார்கள். மலை மாதிரிதான் கிடந்தானாம், வைத்த இடத்திலேயே.

அவனுக்குப் பல் விளக்க ஓர் ஆள், தலை துவட்ட ஓர் ஆள். கொட்டாவி விட்டால் வாயை மூடிவிட ஓர் ஆள். நான் சொல்லவில்லை, சொல்லிக்கொள்கிறார்கள். இத்தனை ஆளும் ஒரே ஆள்தான். அவன் பேர் கருத்தான். அம்பலம் வீட்டுப் பண்ணையாள். மலையரசு வாயைத் திறந்து கூப்பிட மாட்டான். வாய் வலிக்குமே! கையைத் தட்டுவான். ஒரு தட்டுத் தட்டினால் தண்ணீர். இரண்டு தட்டினால் சோறு. மூன்று தட்டினால் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கருத்தான் எங்கே இருந்தாலும், கிணற்றுக்குள் இருந்தாலும், "இந்தா வந்துட்டேன் சின்னய்யா!" என்று ஓடி வருவானாம்.

அப்படி இருக்கையிலே, அரண்மனைக்கும் கிழக்குச் சீமைக்காரர்களுக்கும் சண்டை வந்தது. வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை படைக்கு வர வேண்டும் என்று உத்தரவு. படைத்தலைவர் கொம்பையாச் சேர்வை குதிரையில் வந்து வாசலில் நின்றார்.

"என் வீட்டுக்கு இந்தா, கருத்தான். பிடிச்சுக்கிட்டுப் போங்க" என்றாராம் அம்பலம்.

"மகனைக் கேட்டா மாட்டைக் காட்டுறீகளே அம்பலம்!"

"அவன் பச்சப்புள்ளைங்க."

"பச்சப்புள்ளைக்கு மீசை மொளச்சிருக்கே. ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போறேன். ஒண்ணு சண்டைக்கு, ஒண்ணு தாலாட்டுக்கு."

மலையரசு அங்கேயே மூன்று தட்டுத் தட்டினானாம். கருத்தான் குனிந்தான். அவன் முதுகில் ஏறித்தான் ஐயா படைக்குப் போனார்.

படை இறங்கியிருந்த பாளையத்தில் குதிரைச் சாணி அள்ளச் சொன்னால் கை தட்டுவான், கருத்தான் அள்ளுவான். காவலுக்கு நிற்கச் சொன்னால் கை தட்டுவான், கருத்தான் நிற்பான். சேர்வைக்காரர் பார்த்தார். பொல்லாத மனுஷன் அவர். "இவன் ஒரு தடவை கையைத் தட்டுனா, அவன் முதுகுல ஒரு சாட்டை" என்று உத்தரவு போட்டார்.

முதுகு யாருடையது? கருத்தானுடையது. கை யாருடையது? மலையரசுடையது. விட்டுவிடுவானா? தட்டினான். சாட்டை விழுந்தது. அடி வாங்கிய கையோடு கருத்தான் தண்ணீர் கொண்டுவந்தான். இவன் வாங்கிக் குடித்துவிட்டு, "இவ்வளவு நேரமா?" என்று கேட்டானாம். கேளுங்கள் அநியாயத்தை!

ஒருநாள் உச்சிவெயில். கண்மாய் ஓரத்து நாணலுக்குள்ளே நம்முடைய படை பூராவும் பதுங்கிக் கிடக்கிறது. கிழக்குச் சீமைக் குதிரைகள் அந்தப் பக்கமாகத்தான் வரும். நாணலைக் கடந்து சேற்றில் இறங்கட்டும், பின்னால் விழுந்து அடிக்கலாம் என்று திட்டம். "எறும்பு கடிச்சாச் சொரியக்கூடாது, பாம்பு ஏறுனா அசையக்கூடாது. ஒரு சத்தம் வந்தா அத்தனை பேரும் பிணம்" என்று சேர்வைக்காரர் சொல்லி வைத்திருந்தார்.

குதிரைக் குளம்புச் சத்தம் கேட்கிறது. கிட்டே வருகிறது. நம் மலையரசு? தூங்கிவிட்டான்! தூக்கத்தில் நாக்கு வறண்டது. வீட்டுக் கட்டில் என்று நினைத்துக்கொண்டான். அரைக்கண்ணைத் திறந்து ஒரு தட்டுத் தட்டினான் பாருங்கள்!

அவனாவது தூக்கத்தில் தட்டினான். கருத்தான் முழித்துத்தான் இருந்தான். என்ன செய்ய? பிறந்ததில் இருந்து பழகின காது. தண்ணீர்ச் சுரைக்குடுக்கையைத் தூக்கிக்கொண்டு நாணலுக்கு மேலே எழுந்து நின்றான். "இந்தா வந்துட்டேன் சின்னய்யா!"

தட்டின சத்தத்திலே, முன்னால் வந்த கிழக்குச் சீமைத் தலைவனின் குதிரை மிரண்டது. தலைவன் தலைகுப்புறச் சேற்றில் விழுந்தான். பின்னால் வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாகிப் போனது.

கருத்தானை இழுத்துப் போட்டார்கள்.

"எவன்டா கை தட்டுனது?"

"நான்தான் சாமி. பக்கத்துக் கம்பங்கொல்லையில கிளி ஓட்டுறேன்."

"சின்னய்யான்னு எவனைக் கூப்பிட்ட?"

"கிளியைத்தான் சாமி. உழுகாது, விதைக்காது, உக்காந்த எடத்துல தின்னுட்டு மினுமினுன்னு திரியும். சின்னய்யான்னு கூப்பிடாம வேற எப்படிக் கூப்பிடுறது?"

குதிரைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். சேறு அப்பிய தலைவன் மட்டும் சிரிக்கவில்லை. "நல்ல கை. எங்க, இன்னொரு தடவை தட்டு" என்றான். தட்டினான். "இன்னும் பலமா." தட்டினான். "இன்னும்." தட்டத் தட்ட அந்தச் சத்தம் நாணலுக்குள்ளே போய் விழுகிறது. ஒவ்வொரு தட்டும் மலையரசு காதிலே விழுகிறது.

அப்புறம் தலைவன் கத்தியை உருவினான். ஒரு மரக்கட்டையைக் கொண்டுவரச் சொன்னான். வலது கை. அப்புறம் இடது கை.

எழுந்திருக்கப் போனானாம் மலையரசு. பிறந்ததில் இருந்து முதல் தடவையாக, யாரும் தூக்காமல் எழுந்திருக்கப் போனான். சேர்வைக்காரர் அவன் பிடரியில் முழங்காலை ஊன்றி, முகத்தைச் சேற்றில் அமுக்கினார். "நீ எந்திரிச்சா அவன் கை போனது வீணு. கெட" என்று காதுக்குள் சொன்னார். வாழ்நாள் பூரா சும்மா கிடந்தவனுக்கு அன்றைக்குச் சும்மா கிடப்பதுதான் வேலை. வாய் நிறையச் சேற்றைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

கருத்தான் கத்தாமல் இருப்பானா? கத்தினான். ஆனால் அப்போது சின்னய்யா என்று கத்தவில்லை. "கிளியே, கிளியே" என்றுதான் கத்தினானாம். சின்னய்யா என்று கத்தினால் இவன் எழுந்து வந்துவிடுவான் என்று பயம். கூப்பிட்டு என்றைக்காவது வந்தவனா இவன்? கருத்தானுக்கு அதுகூடத் தோன்றவில்லை.

குதிரைகள் சேற்றில் இறங்கின. நம் படை பின்னால் விழுந்தது. வந்தவர்களில் ஒருத்தன்கூடத் திரும்பிப் போகவில்லை. அந்தத் தலைவனை அடித்தது மலையரசுதான். எப்படி அடித்தான் என்று சொல்லமாட்டேன், நீங்கள் சாப்பிட வேண்டாமா? அப்புறம் ஓடி வந்து, ரத்தம் நிற்கட்டும் என்று கொதிக்கிற எண்ணெயில் கருத்தான் மணிக்கட்டை முக்கும்போது அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். சுரைக்குடுக்கையை அவன் வாயில் வைத்தான். மலையரசு இன்னொருத்தருக்குக் கொடுத்த முதல் தண்ணீர் அதுதான்.

அறுவடைக் காலம் வரைக்கும் படையில் இருந்தான். சாணி அள்ளினான், காவல் நின்றான், கருத்தானுக்குச் சோறு ஊட்டினான், கால் கழுவிவிட்டான். கருத்தான் கையில்லாமல் எப்படிக் கூப்பிடுவான்? தரையை மிதிப்பான். ஒரு மிதி தண்ணீர், இரண்டு மிதி சோறு. நாள் பூராவும் மிதித்தானாம். தாகமோ, பழி வாங்கினானோ, யார் கண்டது? மலையரசு ஓடி ஓடி வருவானாம்.

அரண்மனையில் வெற்றிக்கு வீரக்காப்புக் கொடுத்தார்கள். சேர்வைக்காரர் அதை எடுத்து மலையரசு கையில் மாட்டினார். "கருத்தானுக்குத்தான் போடணும்னு நெனச்சேன். போடக் கை வேணுமே!" என்றார். சபையே சிரித்தது. மலையரசு அதற்குப் பிறகு அந்தப் பாளையத்தில் சோறு தின்னவில்லை. கருத்தானை முதுகில் ஏற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான்.

ஊரில் பந்தல், குலவை, கொட்டு. உடையணன் அம்பலம் மகன் கையில் காப்பைப் பார்த்துப் பூரித்துப்போனார். "எம்மகனுக்கு மோர் கொண்டாங்கடா!" என்று சந்தோஷத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

கூட்டத்துக்குப் பின்னாலே இருந்து ஒரு குரல். "இந்தா வந்துட்டேன்!"

கருத்தான் பானைக்கு ஓடினான். இரண்டு மொட்டைக் கையாலும் செம்பை அணைத்து எடுக்கப் பார்த்தான். செம்பு நழுவி உருண்டு உருண்டு அம்பலத்தின் காலடியில் போய் நின்றது. நாலு பேர் சிரித்தார்கள்.

"முண்டக்கைப் பயலை எவன்டா உள்ள விட்டது?" என்றார் அம்பலம்.

மலையரசு வாளை உருவி அப்பன் மடியில் வைத்தானாம். "தட்டுனது நீங்க. அந்தச் செம்பை நீங்களே எடுங்க. மோரை அவன் வாயில ஊத்துங்க."

ஊர் பார்க்க, அம்பலம் குனிந்து எடுத்தார். ஊற்றினார். "இனிமே இந்த ஊருல எந்தக் கை தட்டுதோ, அந்தக் கையை நான் எடுப்பேன்" என்றான் மலையரசு. எடுத்தானா என்று கேட்காதீர்கள். அதற்குப் பிறகு எவனும் தட்டவில்லை, அது போதாதா?

இன்றைக்கும் கொழுஞ்சியேந்தலில் பெண்டுகள் கும்மி அடித்தால் கை தட்ட மாட்டார்கள். காலால்தான் மிதிப்பார்கள். ஒரு மந்திரி வந்து பேசினாராம். ஒரு கையும் தட்டவில்லை. அவர் பயந்துபோய்ப் பாலத்துக்கு உத்தரவு போட்டுவிட்டுப் போனார். கண்மாய்க்கரையில் கையில்லாத கருத்தான் சிலை இருக்கிறது. போகிறவர் வருகிறவர் அதன் வாயில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.

கதை எப்படி? நன்றாக இருந்தால் தலையை ஆட்டுங்கள். கையை மட்டும் தட்டிவிடாதீர்கள். அங்கே ஒருத்தன் எழுந்து நின்றுவிடுவான்.