மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

கையக் குடுங்கம்மா, நான் கூட்டிட்டுப் போறேன். உங்க அப்பா கார்லயே இருக்கட்டும். லேப்ல கெடக்கற நாலு புஸ்தகத்த எடுக்க எத்தன பேரு? மாடிப்படி வருது, பாத்து... சரி விடுங்க, வாய்ப் பழக்கம். பதினாலு படி, நானே எண்ணிச் சொல்றேன்.

இப்பல்லாம் ரொம்பக் கெடுபிடிம்மா. எந்த நாளும் ரெண்டு பேரு இல்லாம கதவே தெறக்கறதில்ல. கொட்ட எழுத்துல போர்டு மாட்டியிருக்காங்க. உங்களால வந்த போர்டு, உங்களுக்குத்தான் படிக்கக் குடுத்து வைக்கல.

வந்தாச்சு. உங்க மேசையா? வேற பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க. ஆமா, மூணு மாசத்துக்குள்ளயேதான். காலி மேசை எத்தன நாளைக்குக் கெடக்கும்?

இதுல ஒக்காருங்க, என் நாற்காலிதான். உங்க கால்கிட்ட மஞ்சக் கோடு ஓடுது, ஞாபகமிருக்கா? நீங்க போட வச்ச கோடு.

அட, மன்னிப்பெல்லாம் எதுக்கும்மா. தப்பு என்மேலதான? ஏழு வாரமா நீங்க வளத்த படிகத்த, குடுவை அடியில அழுக்கு ஒட்டியிருக்குன்னு நெனச்சுத் தேச்சுக் கழுவிட்டேன். பளபளன்னு கவுத்தும் வச்சேன். கண்ணு என்ன பிடரியிலயா இருக்குன்னு கேட்டீங்க. ஒம்பது புள்ளைங்க நின்னுச்சுங்க, ரெண்டு சிரிச்சுது.

அப்புறம் நீங்க புகார் குடுத்து, துறைத்தலைவர் எங்கிட்ட எழுதி வாங்குனாரு. லீவு நாள்ல யாராச்சும் தனியா வேல செஞ்சா தொணைக்கு நான் ஒக்காரணும். ஆனா கோட்டத் தாண்டக் கூடாது, ஒரு சாமானையும் தொடக் கூடாது. இருபத்திரெண்டு வருசம் இந்த லேப்பக் கூட்டிப் பெருக்குனவன், நாயக் கட்டிப் போட்ட மாதிரி ஒக்காந்தேன்.

ஆமாமா, கேள்விப்பட்டேன். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே எனக்காகப் பேசுனீங்களாம். டீக்குத்தான போனாரு, புள்ளகுட்டிக்காரரு, வேலய விட்டுத் தூக்கிடாதீங்கன்னு. பெரிய மனசும்மா. பதினஞ்சு நாள் சஸ்பெண்டோட விட்டுட்டாங்க. என் சம்சாரம் உங்கள நெனச்சு அழுதுச்சு.

புஸ்தகம் மூணுதான் இருக்கு. உங்க பாதுகாப்புக் கண்ணாடியும் இருக்கு, வேணுமா? ஆவி படியுதுன்னு நெத்திக்கு மேல தூக்கி விட்டிருந்தீங்க. தோல அரிக்கற அந்தக் காரத் தண்ணி மூஞ்சியில தெறிக்கறப்பவும் அது நெத்தியிலதான் இருந்துச்சு.

கண்ணு கழுவற குழாயா? எங்கயும் மாத்தல. உங்க மேசையிலேருந்து வலது கைப்பக்கம், ஆறே எட்டு வச்சா போதும். அன்னிக்கு நீங்க எடது பக்கம் திரும்பிட்டீங்க. அலமாரியத் தடவுனீங்க, அப்புறம் சுவத்தத் தடவுனீங்க, சுத்திக்கிட்டு மறுபடியும் மேசைக்கே வந்தீங்க. அண்ணே, தண்ணி எங்கண்ணேன்னு கேட்டீங்க. நாலு தடவ. அப்புறம்தான் கத்துனீங்க, கீழயிருந்து வாட்ச்மேன் ஓடி வந்தாரு.

எனக்கு எப்படித் தெரியும்னா?

லீவு நாள்ல டீக்கடை ஏதும்மா? டீக்குப் போனேன்னு விசாரணையில நானா சொன்னது. நான் இங்கதான் இருந்தேன். நீங்க இப்ப ஒக்காந்திருக்கற நாற்காலியில, கைய மடியில வச்சுக்கிட்டு. வேல செய்யறப்போ ஒரு நாளாச்சும் இந்தப் பக்கம் திரும்பிப் பாத்திருந்தா, ஆளு இருக்கறது தெரிஞ்சிருக்கும். குழாயும் எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு. தாண்டக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டவன்ல.

எந்திரிங்க, போலாம். அட, ஏம்மா கைய உருவறீங்க? படி எந்தப் பக்கம்னு தெரியுமா உங்களுக்கு?