சாத்திக் கிடந்த ஏழு வீடுகள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தாசில்தார் அவர்களே, செந்துறை ஏரி வேலையிலிருந்து மண் கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

நம் ஆய்வாளர் சிங்காரவேலு அவர்கள் மறைந்து ஐந்து நாள் ஆகிறது. இப்போதும் அவர் எழுந்து ஏதாவது கேட்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்பேர்ப்பட்ட கேள்விக்காரர்!

சுதந்திரம் வந்த மறு வருடமே மழை பொய்த்தது. ஏரி தூர் வாரும் நிவாரண வேலையால் பசி குறைந்ததா என்று கண்டறிய எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். வேலைக்கு வந்த வீடுகளையும் வராத வீடுகளையும் நான் ஒப்பிட்டேன். வந்த வீடுகளில்தான் பட்டினி அதிகம்! வேலையால் பயனில்லை என்று எழுதிவிட்டேன். சிங்காரவேலு சிரித்தார்.

"வைத்தியர் வூட்டு வாசல்ல நிக்கிறவங்கல்லாம் நோயாளிங்க. அதுக்காக வைத்தியராலதான் நோவு வந்துச்சுன்னு எழுதுவீங்களா சார்?"

எனக்கு வந்த வெட்கம் கொஞ்சமா? அந்தத் தாளை நானே கிழித்தேன்.

பிறகு எப்படித்தான் ஒப்பிடுவது? மண்வெட்டி போதாததால், வேலை கேட்ட நூறு வீட்டில் பாதியைச் சீட்டுக் குலுக்கி எடுத்திருந்தார்கள். அதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததே! சீட்டு விழுந்தவரும் விழாதவரும் ஒரே மாதிரி ஏழைகள். வித்தியாசம் வேலை மட்டும்தான். வீடு வீடாக நடந்தோம். சாப்பிட்டீர்களா என்று அவர் கேட்கவே மாட்டார். "நேத்து எத்தினி தடவ அடுப்பு மூட்டுனீங்க?" என்பார்.

சீட்டு விழாத இருசம்மாள் சீறினார். "வேல குடுக்காத வூட்ல என்னாத்தங்க எழுதுறீங்க?"

"உங்க அடுப்பப் பாத்தாத்தாம்மா அந்த வேலயோட அருமை தெரியும்."

"அப்ப நல்லாப் பாத்துக்குங்க" என்று குளிர்ந்து கிடந்த அடுப்பைக் காட்டினார். சிங்காரவேலு தலை குனிந்து எழுதினார்.

கணக்கு முடிந்தது. சீட்டு விழுந்த வீடுகளில் பசி குறைவுதான், ஆனால் விழாத வீடுகளோடு வித்தியாசம் சொற்பம். இதை அப்படியே அனுப்பினால் மாதக் கடைசியில் வேலையை நிறுத்திவிடுவார்கள்.

அரியலூர் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கிடந்தபோதும் அவர் அதையே யோசித்தார். கடைசியாகப் பார்த்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சீட்டு வுழாததுல ஏழு வூடு சாத்திக் கெடந்துச்சே, ஆளில்லன்னு வுட்டுட்டோமே சார். பசி தாங்காம ஊர வுட்டே போயிருந்தா? ரொம்பக் கஷ்டப்பட்டவங்கதான நம்ம கணக்குல இல்லாமப் போனாங்க! அதனாலதான் வித்தியாசம் கம்மியாத் தெரியுதோ என்னமோ!"

உயிருக்குப் போராடும் மனிதருக்கு வந்த சந்தேகமா இது! எனக்கு ஏன் வரவில்லை?

தாசில்தார் அவர்களே, முடிவெடுக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. அந்த ஏழு குடும்பத்தையும் தேடிப் போகிறேன். என்ன பதில் வந்தாலும், நமக்குப் பிடிக்காத பதிலே வந்தாலும், வந்ததை வந்தபடி எழுதுவேன். இது அவர் பேரால் நான் எடுக்கும் உறுதி.

தாய்மார்களே, முதல் வீடு பூமாலையின் வீடு. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். எங்கே போனார்கள் என்று இங்கே யாருக்காவது தெரியுமா? எழுந்து சொல்லுங்கள். நான் உட்காரப் போவதில்லை.