ஒரே மாதிரி இரண்டு டிஸ்க்

ஃபாதர், உள்ளே காற்றே இல்லை; அந்த மின்விசிறியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பினால் நல்லது. நன்றி. அம்மா வெளியே காரில் காத்திருக்கிறார். பாவசங்கீர்த்தனம் செய்யாமல் திரும்பினால் எனக்கு வீட்டில் சோறு கிடையாதாம். எனக்கு முப்பத்தெட்டு வயது.

விஷயம் சின்னது. கணினியில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். அதில் பல வகை உண்டு. எக்ஸ்எஃப்எஸ்தான் வேகம் என்று வாட்சாப் குழுவில் சொன்னேன். கெர்லிங்கில் இருக்கும் என் நண்பன் உமாபதி, இல்லை, ஈஎக்ஸ்டி4தான் என்றான். "வாயால ஓட்டாத லா, டெஸ்ட் பண்ணிக் காட்டு" என்று வேறு போட்டான். குழுவில் எல்லாரும் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சோதனை என்றால் நியாயமாக இருக்க வேண்டும். ஒரே டிஸ்க்கில் மாற்றி மாற்றி ஓட்டினால், இரண்டாவது ஓட்டத்தில் டிஸ்க் சூடாகிவிட்டது என்று உமாபதி நொட்டை சொல்வான். ஒரே மாடல், ஒரே வயது, இரண்டு டிஸ்க் வேண்டும். எங்கள் புக்கிட் பெருந்துங் வீட்டில் அப்படி ஒரு ஜோடிதான் இருந்தது. என் தங்கை அலீசியாவுடையது.

அவள் புஞ்சாக் ஆலாமில் மாஸ்டர்ஸ் படிக்கிறாள். கோலா சிலாங்கூர் ஆற்றோர மரங்களில் மின்மினிகள் எப்படி ஒன்றாகச் சேர்ந்து மின்னுகின்றன என்பது ஆராய்ச்சி. மூன்று வருடம் சம்பான் படகில் உட்கார்ந்து, கொசுக்கடி தாங்கி வீடியோ எடுத்தாள். ஒரு டிஸ்க்கில் அசல், இன்னொன்றில் நகல். அப்படி ஒரே மாதிரி இரண்டு வாங்கச் சொன்னதே நான்தான். அது எவ்வளவு நல்ல யோசனை என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

ஃபைல் சிஸ்டத்தை மாற்ற வேண்டுமானால் முதலில் டிஸ்க்கை அழிக்க வேண்டும். கணினி மரியாதையாகத்தான் கேட்டது: உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், தொடரலாமா? டிஸ்க் இரண்டு என்பதால் இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் நிதானமாகப் படித்துவிட்டுத்தான் சரி கொடுத்தேன். கை தவறிவிட்டது என்று என்னைப் பற்றி யாரும் சொல்லக் கூடாது.

பிறகு இரண்டையும் விளிம்புவரை எழுதி நிரப்பினேன். காலி டிஸ்க்கில் எதுவும் வேகமாக ஓடும். நிரம்பினால்தான் அதன் யோக்கியதை தெரியும். அதனால்தான் அழிந்ததை மீட்டுத்தரும் கடைக்காரரும் கையை விரித்துவிட்டார். எக்ஸ்எஃப்எஸ் மயிரிழையில் முந்தியது. முடிவை உடனே குழுவில் போட்டேன்.

அலீசியா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அண்ணே, அடுத்த மாசம் தீசிஸ் அனுப்பணும்ணே."

"மறுபடி போய் எடுத்துக்கலாம்மா" என்றேன்.

"எங்க போயி எடுக்கிறது? அந்த மரத்தையெல்லாம் வெட்டிட்டாங்களே. ஒனக்குத் தெரியாதா?"

தெரியும், ஃபாதர். சோதனைக்கு ஒரு வாரம் முன்னால்தான் இறால் குளம் போட அங்கே மரங்களை வெட்டினார்கள். அவளைக் காரில் கூட்டிப்போய்க் காட்டியவனே நான். வெறும் அடிமரங்களைப் பார்த்து அவள் தேம்பித் தேம்பி அழுதாள். தோளைத் தட்டி, "அழாத லா, வீடியோவெல்லாம் நம்மகிட்ட பத்திரமா இருக்கு" என்று தைரியம் சொன்னேன்.

சொன்னபோது அது உண்மை. இந்த விஷயத்தில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதையும் கொஞ்சம் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.