ஓல்ட்ராய்ட் சார் வாயைத் திறக்காத நாள்

வேணாம் சார், வேணாம், வாய மூடுங்க. கொட்டாவியா? கொட்டாவின்னா சரி, சத்தம் வராம விட்டுக்கங்க. நீங்க கொட்டாவி விட்டா மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற நாய் எந்திரிச்சுக் குரைக்கும், அதுக்காகச் சொன்னேன்.

மொறைக்காதீங்க சார். வழக்கமா இந்த மொறைப்புக்குப் பின்னாடியே மார்னின்னு என் பேரச் சொல்லி ஒரு அலறல் வரும், நான் மைதானத்தச் சுத்தி ஓடணும். இன்னைக்கு வராதே. அஞ்சு வருசமா இந்தப் பள்ளிக்கூடத்துல குப்ப கொட்டுறேன், இப்படி ஒரு நாள் கெடைக்கும்னு கனவுல கூட நெனக்கல. விசில விட வாய் பெருசுன்னு ஊரே பேசுற வெளையாட்டு வாத்தியாரு, பந்து வைக்கிற ரூம்புல, கூடைப்பந்து மூட்டைக்கு நடுவுல, வாயப் பொத்திக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க. நான் பேசுறேன், நீங்க கேக்குறீங்க. நான் கோயிலுக்குப் போற பொண்ணு இல்ல சார், ஆனா இன்னைக்குக் காலைல பிரார்த்தனைக் கூட்டத்துல எல்லாரும் தலையக் குனிஞ்சப்ப நானும் குனிஞ்சேன். ஆண்டவரே, அந்த மனுசன் வாய ஒரே ஒரு நாளைக்குக் கட்டி வையும், அப்புறம் உமக்குத் தொந்தரவு குடுக்க மாட்டேன்னு கேட்டேன். கேட்டுட்டாரு பாருங்க.

என்ன, தண்ணியா? இல்லயா. இருங்க. கண்ணு ஜன்னலுக்குப் போகுது, புருவம் ஏறுது. ஆ, குளுருது. ஜன்னலச் சாத்தணும். சொல்ல மாட்டீங்களா சார்? சரி சரி, சொல்ல மாட்டீங்க. இப்படி வச்சுக்கலாம். ஆமான்னா ஒரு தடவ கண்ண மூடித் தொறங்க. இல்லன்னா ரெண்டு தடவ. கையக் கிய்ய ஆட்டாதீங்க, கை ஆட்டுனா மனுசனுக்குப் பேசணும்போல ஆயிரும். கண்ணு போதும். புரிஞ்சுதா? ஒண்ணு. பிரமாதம். நல்லா வருது உங்களுக்கு.

கடைசி பெல்லுக்கு இன்னும் முக்கா மணி நேரந்தான். பெல் அடிச்ச ஒடனே லம்லி மிஸ் இந்தக் கதவுக்கு வந்து நிப்பாங்க. அவங்க சொன்னது ஞாபகம் இருக்குல்ல? தலைமையாசிரியைன்னா வார்த்த மாற மாட்டாங்க. உங்க குரூப்புல ஒரே ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளாவது, காலைலேருந்து கடைசி பெல் வரைக்கும் பேசாம இருந்து காட்டுங்க, காலை நேரத்த நீங்களே நடத்திக்கங்க. இல்லன்னா திங்கக்கிழமைலேருந்து பழையபடி திரைல அறிவுரை ஸ்லைடுதான்னாங்க. தோல்வி என்பது படிக்கட்டு, படி ஒன்று, படி ரெண்டு, பக்கத்துல மலை ஏறுற ஒருத்தன் படம். அந்த ஸ்லைடுல நான் தூங்காத நாளே கெடயாது சார். நீங்களும் தூங்குனீங்க, நான் பாத்தேன்.

அதுக்கு இந்தக் குரூப்பு நேரம் எவ்ளவோ தேவல. இத யோசிச்சவங்க பெரிய படிப்புப் படிச்சவங்களா இருக்கணும். ஏழாங்கிளாஸ்லேருந்து பதினொண்ணு வரைக்கும் ஒவ்வொண்ணுலயும் நாலு பேர அள்ளி ஒரே ரூம்புல போட்டு, முதல் பாடத்துக்கு முன்னாடி கொஞ்ச நேரம் அதுங்களே ஓட்டுப் போட்டு ஒரு நல்ல காரியம் செய்யட்டும், டீச்சர் ஓரமா நின்னு வேடிக்க பாக்கட்டும், தன்னால குணம் வளரும்னு. வளந்துச்சே. நம்ம குரூப்பு காஸ்பருக்கு மீசதான் வளந்துச்சு.

சிரிப்ப மூக்கால விடாதீங்க. மூக்குச் சத்தமும் சத்தம்னு, நமக்குப் போட்டியா இருக்குற பிரிட்சர்ட் சார் குரூப்பு ஆளுங்க சண்டைக்கு வருவாங்க.

இந்த மௌன நாளு என் யோசனதான், ஒத்துக்குறேன். பேசாம இருந்தா தெருக்காரங்க ஆளுக்குக் கொஞ்சம் தருமம் போடுவாங்க, கடல்ல முங்குறவங்களக் காப்பாத்துற படகுக்குப் போகும். நல்ல காரியம், செலவில்ல, ஒடைக்கிறதுக்கு எதுவும் இல்ல. டீச்சருக்கும் குரூப்புல ஒரு ஓட்டு உண்டு, அப்ப டீச்சரும் சேந்துதான் பேசாம இருக்கணும்னு காஸ்பர் சட்டம் பேசுனான். வேணாம்னு நீங்க ஒருத்தர்தான் கை தூக்குனீங்க. பாவமாத்தான் இருந்துச்சு.

ஆனா இதுங்க இவ்ளோ சீக்கிரம் கவுந்துருங்கன்னு நான் நெனக்கல சார். மொத ஆளு நான்தான், மறைக்கல. நீங்க வாயத் தொறக்க முடியாதுன்னு ஆபீஸ்லேருந்து ஒரு அம்மா வந்து பேரு கூப்பிட்டாங்க, மார்னின்னதும் உள்ளேன்னுட்டேன். பழக்க தோசம். அதனாலதான என்னய உங்களுக்குக் காவலுக்குப் போட்டுட்டு மத்ததுங்க பெரிய ஹாலுக்குப் போயிருச்சு. ஏழாங்கிளாஸ் குட்டிங்க இடைவேளைல போச்சு. நாலே நாலு பொட்டுப் பனி விழுந்துச்சு, அதுகூடத் தரைக்கு வர்றதுக்குள்ள தண்ணியாயிருச்சு, பனீன்னு நாலு குட்டியும் ஒரே குரல்ல கத்திருச்சு. காஸ்பர் மத்தியானம் சாப்பாட்டு வரிசைல. பட்டாணியக் காட்டுறான், பரிமாறுற அம்மா அவரைய அள்ளிப் போடுது, திருப்பிக் காட்டுறான், இன்னொரு கரண்டி அவரை. பொறுக்க முடியாம அவங்க ஊரு போலந்துப் பாசைல நல்லாத் திட்டி வச்சிட்டான். அப்புறம் வந்து, இங்கிலீஷ்ல பேசலயே, அது கணக்குல சேராதுன்னு வாதாடுறான்.

டில்லிங்குற அந்தப் பொண்ணத்தான் நாங்க மலை மாதிரி நம்புனோம். மூணு வருசமா குரூப்புல இருக்கா, அவ குரல் எப்படி இருக்கும்னே யாருக்கும் தெரியாது. இவ நமக்குக் கடவுள் குடுத்த வரம்னு காஸ்பர் சொன்னான். இன்னைக்குப் பாத்து, அறிவியல் வகுப்புல, கைய தூக்கிப் பதில் சொல்லிட்டா சார். சரியான பதிலு வேற. டீச்சர் அழுதே புட்டாங்களாம். சந்தோசப்படுறதா, அவ கழுத்த நெரிக்கிறதா, எனக்குத் தெரியல.

ஆக, மத்ததுங்களும் ஒண்ணொண்ணாக் கவுந்து, மிஞ்சுனது நீங்க ஒருத்தர். வாயாலயே பொழைக்கிற மனுசன். ஒன்பதாங்கிளாஸுக்கு ரெண்டு பாடம் வெறும் விசிலும் கொடியும் வச்சே ரக்பி ஆட்டம் நடத்துனீங்களாமே. ஒரு பய, உங்க கிட்ட திட்டு வாங்காம வெளையாடுனதுல, வாத்தியாருக்கு ஒடம்பு சரியில்லயான்னு கேட்டுட்டு வந்தான்.

ஏன் சார் எந்திரிக்கிறீங்க? ஒக்காருங்க. எங்க? ஐயோ, மைதானத்து கோல் கம்பத்துல ஏறுறானா? யாரு அது, ரோரியா? அவன் பிரிட்சர்ட் சார் குரூப்பு. வேணும்னே ஏறுறான் சார், உங்களக் கத்த வைக்க. நீங்க வாய்ல அந்தப் பஞ்சு வச்ச வெளையாட்டுக் கையுறைய வச்சுக் கடிங்க. கடிங்க சார், நாறுனா பரவால்ல. நான் கத்துறேன், தள்ளுங்க. டேய் ரோரி, எறங்குடா, மூணு எண்ணுறதுக்குள்ள காலு தரையில இருக்கணும், இல்லன்னா உங்க பாட்டி வந்து அள்ளிட்டுப் போற மாதிரி ஆயிரும். எறங்கிட்டான். எப்படி சார் குரலு? உங்க அளவுக்கு வயித்துலேருந்து வரல, ஆனா வேல ஆயிருச்சு. கண்ண ஒரு தடவ மூடுனீங்க. பாராட்டா? நன்றி சார். ஒக்காருங்க.

நெத்தி வேத்துருச்சு பாருங்க. நான் எதாவது சொல்றேன், நேரம் போகும். அறுவடைப் பண்டிகை டின்னு ஞாபகம் இருக்கா? முதியோர் இல்லத்துக்குக் குடுக்க வீட்டுக்கு நாலு டின் சாப்பாடு கொண்டாந்தோம். அதே வாரம் காகிதத்த மறுபடி பயன்படுத்துவோம்னு எட்டாங்கிளாஸ் ஓட்டு வாங்கி ஜெயிச்சிருச்சு. ரெண்டு நல்ல காரியமும் ஒரே மேசைல. அத்தன டின்னுலயும் சுத்தியிருந்த காகிதத்த அழகா உரிச்சு, தோரணம் பண்ணி, மாட்டிட்டோம். மொட்ட டின்னு. எதுல பழம், எதுல சூப்பு, ஆண்டவனுக்கே தெரியாது. அந்த இல்லத்துல ஒரு தாத்தா தக்காளி சூப்பு மேல கஸ்டர்டு ஊத்திச் சாப்பிட்டுட்டு, நல்லாத்தான் இருக்குன்னாராம். இன்னொருத்தருக்கு நாய்ச் சோறு வந்துச்சு, நல்ல வேள, வாசத்துலயே கண்டுபிடிச்சிட்டாரு. வாராவாரம் எங்களுக்கு என்ன வரும்னு பந்தயம் கட்டி வெளையாடுறோம், இன்னும் அனுப்புங்கன்னு கடுதாசி போட்டாங்க பாருங்க, அதான் சார் எனக்குப் பிடிச்சுது.

மூலைல கெடக்குற சுத்தியல ஏன் பாக்குறீங்க? ஓட்ஸ் கஞ்சியா? அத நான் சொல்லல. சரி சொல்றேன். சத்தான காலைச் சாப்பாடு நாளு. அடுப்பு குடுக்க மாட்டேன்னுட்டாங்க. டீச்சருங்க டீக்கு வெந்நி கொதிக்க வைப்பாங்களே, குழாய் வச்ச பெரிய பாத்திரம், அதுல ஓட்ஸ கொட்டிட்டான் காஸ்பர். வெந்நி வருதுன்னா கஞ்சியும் வரும்தானன்னான். குழாயத் தொறந்தா ஒண்ணும் வரல. மூடியத் தொறந்தா எல்லாம் வருது. நீங்க உளியும் சுத்தியலும் எடுத்துட்டு வந்து ஒடச்சீங்க. அதுக்கப்புறம் கிறிஸ்துமஸ் வரைக்கும் டீச்சருங்க டீயில ஓட்ஸ் வாசம். அதுலதான் லம்லி மிஸ்ஸுக்குப் பொறும போச்சு.

தோள் குலுங்குது சார். குலுங்கட்டும், சத்தம் இல்லல்ல.

இப்ப லம்லி மிஸ் வந்தாங்கன்னா என்னயத்தான் கேப்பாங்க. மாணவர்கள் தாங்களே நடத்துற இந்த நேரம் உனக்கு என்ன குடுத்துச்சு மார்னின்னு. சுவத்துல ஒட்டியிருக்குற வார்த்தயில ஒண்ண எடுத்துச் சொல்லணும். விடாமுயற்சி, பரிவு, மரியாதை. காஸ்பர் விடாமுயற்சியச் சொல்லிக்கிறேன்னு இப்பவே பிடிச்சு வச்சுக்கிட்டான். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. இந்த ஸ்லைடு வந்துருச்சுன்னா நான் சாயங்காலம் என்னத்தப் போய்ச் சொல்லுவேன், அதான் என் கவல.

வீட்ல சார். எங்கம்மாகிட்ட. மீன் மார்க்கெட்ல ஹேடக் மீன் விப்பாங்களே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அவங்க குரலுக்கு முன்னாடி நீங்களே ஒண்ணுமில்ல. ஆகஸ்டுல ஒரு நாள் கடையிலயே விழுந்துட்டாங்க. மூளைல ரத்தக் கொழாய் அடைச்சிருச்சு. ஒரு பக்கம் கை காலு வரல, பேச்சும் வரல. எல்லாம் புரியும். கண்ணுலதான் பேசுவாங்க. ஒண்ணுன்னா ஆமா, ரெண்டுன்னா இல்ல.

அப்படிப் பாக்காதீங்க சார், அதுக்காகச் சொல்லல. டோனா சித்தி பகல்ல இருப்பாங்க, சாயங்காலம் நான். பள்ளிக்கூடத்துல என்னடி நடந்துச்சுன்னு கேக்குற மாதிரி பாப்பாங்க. கணக்குப் பாடத்தச் சொன்னா கண்ண மூடிருவாங்க. ஒரு நாளு அந்த மொட்ட டின்னச் சொன்னேன். தாத்தா கஸ்டர்டு ஊத்துனாருன்னதும் வாயோட ஒரு ஓரம் மேல போச்சு சார். ஆஸ்பத்திரில யாரு என்ன பண்ணியும் போகாதது. மூச்சுலேருந்து ஒரு சத்தம் வேற. கஞ்சிக் கதைய மூணு தடவ கேட்டாங்க. ஸ்லைடுல என்ன இருக்கு சொல்றதுக்கு? மலை ஏறுறவனா?

இல்ல சார், பேசாதீங்க. பேசாதீங்க. உதடு பிரியுது. கையுறையக் கடிங்க. கடியார முள்ளு கிட்ட வந்துருச்சு, இப்பப் போய் ஆறுதல் சொல்லி எல்லாத்தயும் கெடுத்துராதீங்க, நான் ஆறுதலுக்கு வரல. மூக்கயும் உறிஞ்சாதீங்க. இந்தாங்க, என் மப்ளர்ல தொடச்சுக்கங்க, சத்தமில்லாம.

லம்லி மிஸ் செருப்புச் சத்தம் கேக்குது. அசையாதீங்க. மூச்சு மட்டும் விடுங்க.

அடிச்சிருச்சு. பெல் அடிச்சிருச்சு சார். ஜெயிச்சிட்டோம். கேக்குதா, ஹால்ல காஸ்பர் கத்துறான். உள்ள வாங்க மிஸ், இருந்துட்டாரு, முழுசா இருந்துட்டாரு, நான் சாட்சி. சார், இப்பப் பேசலாம். மிஸ் கேக்குறாங்க பாருங்க, எப்படி இருந்துச்சுன்னு. பேசுங்க சார். என்ன சார்?

சரி, அப்ப நானே ஒண்ணு கேக்குறேன். கையுறையக் கடிச்சது, ரோரிய மொறைச்சது, டில்லி கைய தூக்குனது, எல்லாத்தயும் இன்னைக்கு சாயங்காலம் எங்கம்மாகிட்டச் சொல்லலாமா சார்?

கண்ணு ஒரு தடவ மூடித் தொறக்குது. அட, பெல் அடிச்சு முடிஞ்சாச்சு சார், வாயாலயே சொல்லலாம்.