வரிக்கோட்டில் நின்ற கார்

பெயர் பட்டு, வயது ஐம்பத்தேழு, கணவர் பெயர் அனந்தகிருஷ்ணன், முகவரி புது தில்லி லோதி ரோடு அரசுக் குடியிருப்பு, வேலை மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். எனக்கு இந்தி நன்றாகவே வரும். நேற்று இன்ஸ்பெக்டர் தாமே இந்தியில் எழுதி வைத்துக்கொண்டு என்னிடம் கையெழுத்தை மட்டும் கேட்டதால், இன்று தமிழ் தெரிந்த தலைமைக் காவலர் ப்ரசன்னா எழுத, நான் சொல்வதாவது:

போன செவ்வாய் மாலை நானும் என் கணவரும் காய்கறி வாங்கித் திரும்பும்போது ஜீப்ரா கிராஸிங்கில் நின்றோம். இங்கே அந்தக் கோடுகள் ரோட்டுக்குப் போட்ட கோலம், எந்த வண்டியும் நிற்பதில்லை, ஆகவே நாங்கள் நின்றோம். அதன் பிறகு நரேன் என்கிற முன்பின் தெரியாத பையன் கோட்டுக்கு முன்பாகவே காரை நிறுத்தி, போகச் சொல்லிக் கை காட்டினான். ஸ்வீடனில் வேலை பார்த்துத் திரும்பியவனாம், அங்கே ஒருவர் காலை எடுத்து வைத்தால் ரோடே நிற்குமாம். ஊர் தெரியாத மரியாதை. என் கணவர் முதலில் இறங்கினார், நான் பையைக் கைமாற்றிக்கொண்டு பின்னால் நின்றேன். அதன் பிறகு பின்னாலிருந்து ஒரு பெரிய வெள்ளை வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே நரேன் காரைச் சுற்றி வந்து என் கணவரை இடித்தது. ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி, "மாதாஜி, பார்த்துப் போகக் கூடாதா?" என்று என்னைக் கேட்டுவிட்டு, இறங்கிப் பம்பரைப் பார்த்தார். பம்பரைத்தான் பார்த்தார். என் கணவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது நரேன். வழியிலேயே உயிர் போய்விட்டது.

அதன் பிறகு இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து, நடுரோட்டில் வண்டியை நிறுத்தியதுதான் விபத்துக்குக் காரணம், வெள்ளை வண்டிக்காரர் ஓர் உயர் அதிகாரியின் மைத்துனர், வழக்கை நரேன் மேல் போட்டால் எல்லாருக்கும் சௌகரியம் என்றார். எனக்கு என்ன சௌகரியம் என்று கேட்டேன். "ஜல்தி முடிஞ்சிடும், மேடம்" என்ற பொருளில் பதில் சொன்னார். காலமெல்லாம் ஃபைல் பார்த்தவள் நான், ஜல்தியாக முடிகிற ஃபைலின் லட்சணம் எனக்குத் தெரியும். நிற்காமல் வந்தவன் சாட்சி, நின்றவன் குற்றவாளி. வெட்கங்கெட்ட நியாயம்.

நரேன் மேல் எனக்கும் கோபம் உண்டு. அவன் கை காட்டாமல் போயிருந்தால் இவர் இன்னும் ஓரமாக நின்று தில்லியைத் திட்டிக்கொண்டிருப்பார். அந்தக் கோபம் என்னுடையது, போலீசுக்கு இரவல் தருவதாக இல்லை. அவன் தப்பு ஏதும் செய்யவில்லை. ரோட்டில் இறங்கும்போது என் கணவர் அவனுக்குக் கையைத் தூக்கிக் காட்டி, என்னிடம், "பாரேன், நிக்கறான்!" என்றார். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார்.

நான் சொன்னது இவ்வளவே, அத்தனையும் உண்மை. எழுதியதை வாங்கிப் படித்தபோது "காரை நிறுத்தி" என்பதற்கு முன்னால் "திடீரென" என்று ஒரு சொல் இருந்தது. அது நான் சொல்லாதது. அதை அடிக்கச் சொல்லி, அடித்த இடத்தில் ஒரு கையெழுத்தும் கீழே ஒரு கையெழுத்தும் போட்டேன்.

(ஒப்பம்) பட்டு