நூறு எண்ணும்வரை

வெண்ணெய் பிஸ்கட்டுக்கு மூன்றே சாமான்கள்தான். ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு. முட்டை கிடையாது, பால் கிடையாது, பொத்திப் பொத்தி வைக்க ரகசியமும் கிடையாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூடக் கணக்குத் தப்பாமல் அளந்துவிடும். இதை ஒருத்தி பதினெட்டு வருஷமாகச் செய்ய முடியாமல் இருந்தாள் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். மெதுவாகவே சொல்கிறேன், எழுதுகிறவர்களை அவசரப்படுத்தக் கூடாது.

எங்கள் வீடே பேக்கரிதான். முன்னால் கடை, அதற்குப் பின்னால் சமையலறை, மாடியில் குடித்தனம். கடை என் மாமியாருடையது. அடுப்பை என் வீட்டுக்காரர் பார்க்கிறார், கல்லாவில் கொழுந்தன் உட்காருகிறார். கொழுந்தனின் மனைவி என் ஓரகத்தி, என்னைவிடப் பதினோரு வயது சின்னவள். வீட்டில் அவளைச் சின்னவள் என்றும் என்னைப் பெரியவள் என்றும்தான் கூப்பிடுவார்கள். பெயரெல்லாம் உங்கள் தாளில் மேலேயே இருக்கிறது, நான் பழகினபடியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

மாவு கலப்பதைப் பற்றித் தெரியாமல் இந்த விஷயம் உங்களுக்குப் புரியாது. குளிர்ந்த வெண்ணெயைச் சின்னச் சின்னக் கட்டிகளாக நறுக்கி மாவில் போட வேண்டும். விரல் நுனியால் மட்டும் தேய்த்துத் தேய்த்து உதிர்க்க வேண்டும். கடைசியில் ரவை மாதிரி வரும். அப்போது ஒரு பிடி பிடித்தால் சேர வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். வெண்ணெய் மட்டும் இளகவே கூடாது. இளகினால் மாவு எண்ணெய் கக்கிவிடும், பிஸ்கட் அடுப்பில் பரந்து போய் ஓடு மாதிரி வெளியே வரும். பழம் உள்ளே வைத்துச் சுடுகிற 'பை' என்கிற பண்டத்தின் மாவும் அப்படித்தான், அதில் வெண்ணெய் பட்டாணி அளவுக்கு நின்றால்தான் ஏடு ஏடாகப் பிரியும். அதனால் கலக்கிறவர்களின் கை குளிர்ந்து இருக்க வேண்டும். என் கை சூடு. பிறந்ததிலிருந்தே சூடு. அதற்கு நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் ஒரே ஒரு தடவை கலந்தேன். மாமியார் மாவைத் தொட்டுப் பார்த்தார், பிறகு என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தார். "இது கையா, இஸ்திரிப் பெட்டியா?" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அத்தோடு என் மாவு வேலை முடிந்தது. ஜாம் காய்ச்சவும் தட்டு கழுவவும் அனுப்பிவிட்டார். வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்பார்கள். என் காலை யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

கரண்டியாலோ கத்தியாலோ கலக்கட்டுமா என்று நான் கேட்காமல் இல்லை. "கத்தி காய்கறிக்கு. மாவுக்குக் கைதான் படணும்" என்றார். அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு கிடையாது.

சின்னவள் ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்தாள். நிச்சயத்தன்று மாமியார் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பிடித்துப் பார்த்தார். குளுகுளுவென்று இருந்ததாம். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் மாவு கலக்கிற பெரிய பாத்திரத்தை அவளிடம் கொடுத்தார். நான் பன்னிரண்டு வருஷம் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்த பாத்திரம் அது. எனக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் நல்ல பெண். பாத்திரத்தை வாங்கும்போதே என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். ஒருத்தர் நல்லவராக இருந்தால் நமக்குப் பொருமல் குறையும் என்று நினைக்கிறோம். குறையாது. திட்டுவதற்குக்கூட வழியில்லாமல் போய்விடும்.

நான் பொறுத்துக்கொண்டே இருந்தேன். போன வருஷம் அவளுக்குக் காய்ச்சல் வந்த அன்றுதான் பொறுக்க முடியாமல் போனது. உடம்பு அனலாகக் கொதித்தது. அன்றைக்கு அவள் கை என் கையைவிடச் சூடு, நான் தொட்டுப் பார்த்தேன். இன்றைக்காவது பாத்திரம் நம்மிடம் வரும் என்று ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாமியார் என்ன செய்தார் தெரியுமா. ஒரு பேசினில் ஐஸ் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். "கையை உள்ள வச்சு நூறு எண்ணு, அப்புறம் துடைச்சிட்டுக் கல" என்று அவளிடம் சொன்னார்.

"நானும் ஐஸ்ல வச்சுக்கிறேனே அத்தை" என்றேன்.

"அவளுக்குக் காய்ச்சல் இறங்கிடும். உனக்கு எது இறங்கும்?" என்றார்.

பிறகு காய்ச்சல் இறங்கியது, ஐஸ் பேசின் மட்டும் நிலைத்துவிட்டது. அப்படிக் கலந்த மாவு இன்னும் நன்றாக வந்ததாம். தினமும் காலையில் கையை முக்கி நூறு எண்ணிவிட்டுத்தான் சின்னவள் மாவைத் தொட வேண்டும் என்று வழக்கமாகிவிட்டது. பேசினை நிரப்பி வைக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நான் கேட்டு வாங்கவில்லை, அவர்களாகத்தான் கொடுத்தார்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுப்புத் தட்டில் கருகிப் பிடித்ததை எடுக்க நாங்கள் காஸ்டிக் சோடா வைத்திருப்போம். அதைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது என்று எனக்குப் பதினெட்டு வருஷமாகத் தெரியும். முதல் நாள் பேசினில் ஒரு சிட்டிகைதான் போட்டேன். ஐஸில் விரல் மரத்துப்போவதால் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் நகத்தைச் சுற்றித் தோல் வறண்டது. எனக்கு அவ்வளவு போதும். கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் வெடிப்பு, "அத்தை, கொஞ்ச நாள் பெரியக்கா கலக்கட்டும்" என்று அவள் வாயால் ஒரு வார்த்தை. அதற்கு மேல் நான் ஆசைப்படவே இல்லை.

ஆனால் என் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள். விரலில் ஒட்டிய ஈரம் மாவில் சேர்ந்தது. பிஸ்கட் முன்னைவிடச் சிவக்க ஆரம்பித்தது. வாரா வாரம் வருகிற டீச்சரம்மா கடை வாசலிலேயே நின்று, "என்னம்மா, இப்பல்லாம் நிறம் தங்கமா இருக்கு" என்றார். மாமியார் உள்ளே வந்து சின்னவளின் தோளைத் தட்டி, "கைப்பக்குவம்னா இதுதான்" என்றார். என் சோடா, அவள் கைப்பக்குவம். அன்று முழுக்க எனக்குத் தலைவலி. மறுநாள் சிட்டிகையைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். நிறம் இன்னும் கூடியது, பாராட்டும் கூடியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

தின்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள். ஒருத்தருக்கும் வயிற்றுவலிகூட வரவில்லை. நான் வருகிறவர்களிடமெல்லாம் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டேதான் இருந்தேன். அவ்வளவு பொறுப்பு எனக்கு உண்டு.

ஆறாவது வாரம் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, மாவு ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு மாதம் மாவையே தொடக் கூடாது என்றார். நான்தான் களிம்பு தடவினேன், கட்டு மாற்றினேன், தலை வாரிவிட்டேன். எங்களைப் பார்த்தவர்கள் கூடப்பிறந்தவர்களா என்று கேட்டார்கள். அது நடிப்பில்லை. அவள்மேல் எனக்குப் பாசம் உண்டு. அவள் கை மட்டும்தான் பிடிக்கவில்லை.

பாத்திரம் எனக்கு வந்ததா என்றால், வரவில்லை. எழுபத்தொரு வயதில், முட்டிவலியோடு, மாமியார் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவரே கலந்தார். ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் "அப்பாடா, அம்மாடி" என்பார். நான் பக்கத்தில் சும்மா நிற்பேன், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். இரண்டு மாதம். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும். அதற்குள் சின்னவளின் கை ஆறிவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போலப் பேசினை நிரப்பினேன். இந்த முறை ஸ்பூன் எடுக்கவில்லை. டப்பாவைச் சாய்த்தேன். மேலே ஐஸ் போட்டு, தட்டு கழுவுகிற கையுறையைக் கழற்றாமல் நின்றேன்.

அவள் முந்தானையில் எதையோ சுற்றிக்கொண்டு சிரித்தபடி இறங்கி வந்தாள். பிரித்துக் காட்டினாள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக் கத்தி இரண்டு.

"அக்கா, நேத்து சாயங்காலம் அத்தை டீயோட பிஸ்கட் சாப்பிட்டாங்கல்ல, அது யாரு பண்ணது தெரியுமா?"

"அத்தைதானே கலந்தாங்க" என்றேன்.

"இல்ல, நான். மாடியில, கையுறை போட்டுக்கிட்டு, இந்த ரெண்டு கத்தியால. வெண்ணெய நடுவுல வச்சு ஒண்ணை இந்தப் பக்கம், ஒண்ணை அந்தப் பக்கம் இழுத்து இழுத்து வெட்டினா அப்படியே ரவையா வந்துடுது. விரலே படல. அத்தை ரெண்டு சாப்பிட்டாங்க, ஒரு வித்தியாசமும் தெரியல அவங்களுக்கு."

நான் கத்திகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுக்குக் கை சூடா இருந்தா என்ன, ஐஸா இருந்தா என்ன. ராத்திரி அத்தைகிட்ட சொல்லிட்டேன். முதல்ல முறைச்சாங்க, அப்புறம் சரின்னுட்டாங்க. இன்னையிலருந்து பாத்திரம் உங்களுக்குத்தான்க்கா."

"இன்னையிலருந்தா?"

"ஆமா. இன்னிக்கு ஒரே ஒரு தடவை நான் கையால கலக்குறேன். பதம் எப்படி இருக்கணும்னு நீங்க தொட்டுப் பாத்துக்கோங்க. அதே பதம் வர்ற வரைக்கும் நீங்க கத்தியால வெட்டுங்க. அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே, பழக்கத்தில், வளையலை மேலே ஏற்றிவிட்டுப் பேசினில் இரண்டு கையையும் வைத்தாள்.

அப்போது நான் ஏன் தடுக்கவில்லை என்றுதானே நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். 'இரு' என்று ஒரு சொல் போதும், தெரியும். ஆனால் ஏன் இரு என்று அவள் கேட்டால் நான் என்ன சொல்வது. அதுவுமில்லாமல் அவள் பேசிக்கொண்டிருந்தாள், பேச்சின் நடுவே விழுவது எனக்குப் பழக்கமில்லை. உண்மையையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் வந்தது. அந்த இரண்டு கத்திகளையும் பதினெட்டு வருஷமாகத் தினம் மூன்று வேளை கழுவித் துடைத்து அடுக்கியவள் நான். என் பிரச்சினைக்கு மருந்து என் கையிலேயே இருந்திருக்கிறது. அதையும் அவள்தான் கண்டுபிடிக்க வேண்டுமா. நான் கேட்டபோது காய்கறிக்கு என்ற கத்தி, அவள் கேட்டதும் மாவுக்கு ஆகிவிட்டது. பாத்திரத்தைக்கூட அவள் கொடுத்துத்தான் நான் வாங்க வேண்டியிருந்தது.

அவள் எண்ணினாள். நாற்பதில், "ஐஸ் ரொம்பப் போட்டுட்டீங்களாக்கா, குத்துது" என்றாள்.

"ரெண்டு மாசமா பழக்கம் விட்டுப்போச்சுல்ல, அப்படித்தான் இருக்கும். எண்ணு" என்றேன். நானும் கூடவே எண்ணினேன்.

எழுபதில் கையை எடுக்கப் பார்த்தாள். நான் அவள் மணிக்கட்டுகளின் மேல் கை வைத்தேன். அழுத்தினேன் என்று அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். வைத்தேன். இன்னும் முப்பது பாக்கி இருந்தது.

அவள் அலறிய சத்தத்துக்கு அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். எல்லோருமாக அவளைத் தூக்கிக்கொண்டு வண்டியில் போனார்கள். கடையில் நான் மட்டும்தான். மேசையில் நறுக்கிய வெண்ணெய் அப்படியே இருந்தது, இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் இளகிவிடும். பேசினைக் கொட்டிவிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, கத்திகளை எடுத்தேன். ஒன்றை இந்தப் பக்கம், ஒன்றை அந்தப் பக்கம். அவள் சொன்னது சரிதான். கால் மணி நேரத்தில் ரவையாக வந்துவிட்டது. ஒரு பிடி பிடித்தேன், சேர்ந்தது. தட்டினேன், உதிர்ந்தது. நான் அழுதேன் என்றுகூட நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

தினமும் பேசினில் சோடா போட்டது நான்தான். திங்கட்கிழமை டப்பாவைச் சாய்த்ததும் நான்தான். வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை. வலது கையில் மூன்று விரல் இனி மடங்காது என்று சொன்னீர்கள், வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் நான் ஓடி ஒளிந்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். சாயங்காலமே நாலு பிஸ்கட்டை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உங்கள் ஆட்கள் என்னைப் பிடித்தது அங்கேதான். கற்றுக்கொடுத்தவள் அவள், முதல் துண்டு அவளுக்குத்தானே சேர வேண்டும். இரண்டு கையிலும் கட்டு, அவளால் பிடிக்க முடியாது என்று நானே உடைத்து அவள் வாயருகே கொண்டுபோனேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள், வாயைத் திறக்கவே இல்லை. மருந்து மயக்கம், அப்போது பசித்திருக்காது.