ஒன்பதாம் நம்பர் வண்டியின் பட்டன்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன் மேடம். இதுவரை ஒருத்தரையும் இடப்பக்கமாக முந்தியதில்லை. ஹார்ன் அடிப்பேன், இண்டிகேட்டர் போடுவேன், முன்னால் போகிறவர் வழிவிடும்வரை பொறுத்திருப்பேன். விடாவிட்டால் விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் பின்னாலேயே போவேன். "கல்யாணப் பூசைக்கு இல்லன்னாலும் பந்திக்காவது போய்ச் சேருவோமா?" என்று என் மனைவி அமல்ராணி கேட்பாள். முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

இரண்டாவது, சங்கவியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நாலு நாளாக அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள். அவள் அப்பா கண்ணையன் கண்டமங்கலத்தில் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்குகிற வேலையைப் போட்டுவிட்டு உங்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறார். உள்ளே வரும்போது எனக்கு வணக்கம் வைத்தார். நானும் வைத்தேன்.

புதுச்சேரி ரோட்டில் செல்வகுமார் நடத்தும் கோ-கார்ட் பந்தயத் தடத்தில் நான் தலைமை மெக்கானிக். ஒரு ஆள் உட்காரும் சின்ன பேட்டரி வண்டிகள், மொத்தம் பன்னிரண்டு. பந்தயத்தன்று கொடி அசைத்துத் தொடங்கி வைப்பவனும் நான்தான். இரண்டு வேலையையும் ஒரே ஆளிடம் கொடுப்பார்களா என்று நேற்று கேட்டீர்கள். இந்தச் சூசைமுத்துவிடம் கொடுப்பார்கள். என்மேல் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

போன தை மாதம் செல்வகுமார் எல்லா வண்டியிலும் அந்தப் பட்டனைப் பொருத்தினான். சுற்று முடியும் கோட்டைத் தாண்டும்போது முன்னால் போகிற வண்டிக்கு ஒரு வினாடிக்குள் நெருங்கியிருந்தால், பின்னால் வருகிறவனின் ஸ்டியரிங்கில் நீல விளக்கு எரியும். பட்டனை அமுக்கினால் பத்து வினாடிக்குக் கூடுதல் வேகம் கிடைக்கும். பிரேக்கை மிதித்தால் அது உடனே நின்றுவிடும். முன்னால் போகிறவனுக்கு இந்தச் சலுகை கிடையாது. "மொதல்ல கெளம்புறவன்தான் மொதல்ல வர்றான், அண்ணே. பாக்க வர்றவங்க பஜ்ஜி தின்னுக்கினு போன் நோண்டிக்கினு உக்காந்திருக்காங்க. இது வந்தா எழுந்து நிப்பாங்க" என்றான். எழுந்துதான் நின்றார்கள். அதை நான் மறுக்கவில்லை. கூட்டம் எழுந்து நிற்பதுதான் பந்தயம் என்றால் தெருச்சண்டைக்கும்தான் எழுந்து நிற்கிறார்கள்.

முந்துவது என்பது முன்னால் போகிறவன் பிசகும்வரை காத்திருப்பது. அவன் எந்த வளைவில் தயங்குகிறான், எங்கே அகலமாகப் போகிறான் என்று பார்த்துக்கொண்டே வந்து, ஒரே ஒரு தடவை மூக்கை நுழைப்பது. பட்டனை அமுக்கிப் போவது பக்கத்துப் பையனின் விடைத்தாளைப் பார்த்து எழுதுகிற மாதிரி. பாஸ் ஆகலாம். படித்தான் என்று சொல்ல முடியாது.

என் தங்கை இருதயமேரியின் மகன் சகாய பிரவீன் அப்படி ஓட்டியவன் அல்ல. இரண்டு வருஷம் அவன்தான் ஜெயித்தான். பட்டனை ஒருநாளும் தொட்டதில்லை. எப்போதும் முதலில் போனவனுக்கு விளக்கே எரியாது என்று நீங்கள் சொல்லலாம். எரிந்திருந்தாலும் தொட்டிருக்க மாட்டான். அவன் ஓட்டும் நாலாம் நம்பர் வண்டிக்கு இருப்பதில் நல்ல பேட்டரியாகப் பார்த்து நான் மாட்டுவேன். டயரில் காற்றையும் நானே வைப்பேன். அது உறவு, மேடம். அதையும் இதையும் ஒன்றாக்கக் கூடாது.

சங்கவி சித்திரையில் வந்தாள். புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, லீவு நாளில் ஸ்கூட்டரில் வந்து ஓட்டுவாள். தொடர்ந்து மூன்று பந்தயம், மூன்றிலும் கடைசிச் சுற்றில் பட்டனை அமுக்கிப் பிரவீனைத் தாண்டினாள். ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, இதெல்லாம் ஒரு ஜெயிப்பா என்று தன்மையாகத்தான் கேட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள்.

"பட்டன எல்லாருக்கும்தான் குடுத்திருக்காங்க, மாஸ்டர். நான் என்னா எங்க ஊட்லருந்தா எடுத்தாந்தேன்? ஒரு வினாடிக்குள்ள ஒட்டிக்கினு வர்றது யாரு? பட்டனா, நானா?"

கெட்டிக்காரி. அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமலேயே படுத்துவிட்டேன்.

சர்ச் திருவிழாப் பந்தயத்துக்கு முந்தின நாள் மத்தியானம், ஒன்பதாம் நம்பர் வண்டியில், அது அவளுடையது, பிரேக்கை மிதித்தால் பட்டன் வேகத்தை நிறுத்தும் இணைப்பைக் கழற்றிவிட்டேன். இனி ஒரு தடவை அமுக்கினால் பத்து வினாடிக்கு அந்த வண்டி யார் பேச்சையும் கேட்காது. நேர் ஓட்டம் முடிகிற இடத்தில் புளியமரத்து வளைவு. அங்கே டயர்ச் சுவர் இருக்கிறது.

நிதானமாகக் கேளுங்கள். நான் ஒரு ஆளுக்கு எதிராக எதுவும் செய்யவில்லை. பட்டனைத் தொடாமல் ஓட்டினால் அது மற்ற வண்டிகளைப் போல ஒரு வண்டி. தொடுவதா வேண்டாமா என்பதை அவளிடமே விட்டேன். ஒரு கை கால் அடிபட்டால் போதும், செல்வகுமார் பயந்து பன்னிரண்டு பட்டனையும் பிடுங்கிவிடுவான் என்று கணக்குப் போட்டேன். உயிர் போய்விடக் கூடாதே என்று அந்த வளைவில் மட்டும் இன்னொரு வரிசை டயர் அடுக்கினேன். அந்த அக்கறைதான் நேற்று உங்கள் கண்ணை உறுத்தியது. "மத்த வளைவெல்லாம் வுட்டுட்டு இங்க மட்டும் எதுக்குண்ணே புது டயரு?" என்று செல்வகுமார் உங்கள் எதிரில் கேட்டபோது நான் தண்ணீர் குடித்தேன். நீங்கள் அதைக் குறித்துக்கொண்டதையும் பார்த்தேன்.

திருவிழாப் பந்தயத்துக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுகிறவர்கள் தங்கள் தங்கள் வண்டி பக்கத்தில் நிற்க, ஃபாதர் வந்து ஒவ்வொன்றாக மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். அதற்குப் பிறகு யாரும் வண்டி மாற்றுவதில்லை. அந்த வழக்கத்தை நம்பித்தான் இருந்தேன். ஒன்பதாம் நம்பருக்குத் தீர்த்தம் தெளிக்கும்போது நானும் சிலுவை போட்டுக்கொண்டேன்.

ஃபாதர் நகர்ந்ததும் பிரவீன் சங்கவியிடம் போனான். கொடியோடு பக்கத்தில் இருந்ததால் பேச்சு என் காதில் விழுந்தது.

"என் வண்டிய நீ எடு, உன்னோடத நான் எடுக்கறேன். பட்டனா ஆளான்னு இன்னிக்கே பாத்துடலாம்."

"ஃபாதர் தண்ணி தெளிச்சப்புறம் மாத்தலாமா? பேஜாராயிடப் போவுது."

"தண்ணி வண்டிக்குத்தானே தெளிச்சாரு, ஆளுக்கா?"

சிரித்துக்கொண்டே மாறி உட்கார்ந்தார்கள். கொடி என் கையில் இருந்தது. அரை நிமிஷம் இருந்தது.

அசைத்தேன்.

நாலாம் நம்பர் எப்படிப்பட்ட வண்டி என்று எனக்குத் தெரியும். சங்கவி முதல் சுற்றிலேயே முன்னால் போய்விட்டாள். பிரவீன் விடவில்லை, ஒட்டிக்கொண்டே வந்தான். மூன்றாம் சுற்றில் கோட்டைத் தாண்டும்போது அவன் ஸ்டியரிங்கில் நீல விளக்கு எரிந்ததை நான் பார்த்தேன். வளைவில் வண்டி திரும்பவில்லை. நான் அடுக்கிய வரிசையை மற்றதோடு சேர்த்துக் கட்டாமல் விட்டிருந்தேன். அதில் ஏறித்தான் வண்டி கவிழ்ந்தது. அவசரத்தில் செய்கிற வேலை இப்படித்தான் ஆகும்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு. அவள் வண்டிதானாம், அவள்தான் மாற்றிக்கொள்ளலாம் என்று கேட்டாளாம், அவள்தான் ஏதோ செய்து வைத்தாளாம். புதுச்சேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு மேலதான்ணே எனக்கு சந்தேகம்" என்றாள். வண்டியை யார் கேட்டு மாற்றினார்கள் என்று பக்கத்தில் நின்று காதால் கேட்டவன் நான். "யாரக் கண்டா" என்று மட்டும் சொன்னேன். உள்ளே பிள்ளை நினைவில்லாமல் கிடக்கும்போது எதற்கு விவாதம் என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பிரவீனுக்கு நினைவு வந்தது. உள்ளே நான் மட்டும் இருந்தேன்.

"மாமா, மாத்திக்கலாம்னு நான்தான் கேட்டேன். அவள ஒண்ணும் சொல்லிடாதீங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "அந்த நீல லைட்டு எனக்கு ஒரு நாளும் எரிஞ்சதில்ல மாமா. எரிஞ்சதும் ஆசையா இருந்துச்சு. அமுக்கிட்டேன். அப்புறம் பிரேக்கு புடிக்கவே இல்ல."

நெற்றியில் சிலுவை வரைந்தேன். மறுநாள் விடிகாலை போய்விட்டான். அவன் சொன்னதை அடக்கத்தன்றுகூட நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை.

இன்று மத்தியானம் சென்னையிலிருந்து நிபுணர் வந்து ஒன்பதாம் நம்பரைப் பிரிக்கப்போகிறார் என்பது எனக்குத் தெரியும். அதற்காக நான் வரவில்லை. ஒரு ஏழை விவசாயியின் பெண் என்னால் கஷ்டப்படக் கூடாது என்று வந்தேன்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். சொந்தத் தங்கச்சி பையன் அந்த வண்டியில் உட்கார்ந்த பிறகும் ஏன் கொடியை அசைத்தேன் என்று. நிறுத்தியிருந்தால் ஏன் நிறுத்தினேன் என்று சொல்லவேண்டி வந்திருக்கும். அது ஒன்று. ஆனால் நிஜமான காரணம் அது இல்லை. பயமே இல்லாமல்தான் அசைத்தேன், மேடம். அவன் என் கையில் வளர்ந்தவன். ஆயிரம் விளக்கு எரிந்தாலும் அமுக்க மாட்டான் என்று அவ்வளவு நம்பிக்கை.

அமுக்கினான். எனக்கு வெட்கமாக இருப்பது அதற்கு மட்டும்தான்.